தாய்வழித் தளை, தாய்வழி விடுதலை
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



அமெரிக்க அடிமை முறையிலிருந்து தப்பியவர்கள் என்றதும் நம் மனத்தில் எழுவது தனி ஆணொருவனின் ஓட்டம்தான். இருட்டு, வடதிசை விண்மீன், பின்னால் குரைத்து வரும் நாய்கள். இந்தச் சித்திரம் பொய்யல்ல. ஓடிப்போனவர்களைத் தேடி எசமானர்கள் பத்திரிகைகளில் கொடுத்த விளம்பரங்களைத் திரட்டி ஆராய்ந்த ஜான் ஹோப் ஃபிராங்க்ளின், லோரன் ஷ்வெனிங்கர் என்ற இரு வரலாற்றாசிரியர்கள், அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஆண்கள் என்று 1999இல் வெளியிட்ட நூலில் காட்டியிருக்கிறார்கள்.

பெண்கள் ஏன் அவ்வளவு குறைவு? பிள்ளைகளை விட்டுப் போக முடியவில்லை, தூக்கிக்கொண்டும் ஓட முடியவில்லை. இதுவே வழக்கமாகச் சொல்லப்படும் விடை. சரியான விடைதான். ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டால், தாய்மார் கட்டுண்டு கிடந்தவர்களாக மட்டுமே தெரிவார்கள். அவர்கள் போட்ட கணக்கு, எழுதிய கடிதம், தொடுத்த வழக்கு எதுவும் கண்ணில் படாது.

இன்றைய உரை முன்வைப்பது ஒரே ஒரு கருத்தை. அமெரிக்கச் சட்டம் அடிமைத்தனத்தைத் தாயிடமிருந்து பிள்ளைக்குக் கடத்தியது. ஆகவே தப்பிக்க நினைத்த பெண்ணுக்குத் தன் கால் விலங்கைக் கழற்றுவது போதவில்லை. தனக்கும் பிள்ளைக்கும், முக்கியமாகத் தனக்கும் மகளுக்கும், இடையில் சட்டம் போட்ட முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. அதற்குச் சிலருக்கு ஏழு ஆண்டு பிடித்தது. சிலருக்கு நீதிமன்றம் தேவைப்பட்டது. சிலரால் முடியவே இல்லை. இதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. சட்டம்

1656இல் வர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்ற பெண் விடுதலை கேட்டு வழக்காடி வென்றார். தாய் ஆப்பிரிக்கர், தந்தை ஆங்கிலேயர். ஆங்கிலேயச் சட்டத்தில் பிள்ளையின் நிலை தந்தையின் நிலையைப் பொறுத்தது என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. எலிசபெத்தோடு அவருடைய கைக்குழந்தைக்கும் விடுதலை கிடைத்தது.

ஆறே ஆண்டுகளில் அந்தக் கதவு அடைக்கப்பட்டது. அங்கே பிறக்கும் குழந்தை அடிமையா, சுதந்திரமானதா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்று வர்ஜீனியா சட்டமன்றம் 1662இல் விதித்தது. மற்றக் குடியேற்றங்களும் அதே வழியில் நடந்தன. விளைவை எண்ணிப் பாருங்கள். ஓர் எசமானன் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அவனுக்கு வாரிசு ஆகாது, சொத்து ஆகும். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதற்கு 1808இல் தடை வந்தது. ஆனாலும் 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் ஏறத்தாழ 40 லட்சமாக ஆயிற்று. பெரும்பகுதியும் பிறப்பால் வந்த பெருக்கம்.

மகளைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மகன் அடிமையாக வாழ்ந்தாலும், சுதந்திரமான பெண்ணை மணந்தால் அவன் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள். மகளுக்கு அந்த வழி இல்லை. அவள் யாரை மணந்தாலும், யாரால் வன்முறைக்கு ஆளானாலும், பிறக்கும் பிள்ளை அவளுடைய எசமானனுக்குச் சேரும். பெண் குழந்தை பிறந்ததும் ஒரு தாய்க்குத் தெரிந்துவிடும், இனிவரும் தலைமுறைகளும் இந்த ஏட்டில் பதியப்படும் என்று. மகள் பிறந்த செய்தி கேட்டபோது தன் நெஞ்சு முன்னெப்போதையும்விடக் கனத்தது என்று, அடுத்த பகுதியில் நாம் சந்திக்கப்போகும் ஹாரியட் ஜேக்கப்ஸ் எழுதியதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

2. பரண்

வட கரோலினாவின் ஈடன்டன் ஒரு சிறு துறைமுக ஊர். ஹாரியட் ஜேக்கப்ஸ் 1813 வாக்கில் அங்கே அடிமையாகப் பிறந்தார். ஆறு வயதில் தாய் இறந்தார். முதல் எசமானி அவருக்கு எழுதப் படிக்கவும் தைக்கவும் சொல்லிக்கொடுத்தவர்; 1825இல் இறந்தபோது ஹாரியட்டைத் தன் சகோதரியின் மூன்று வயது மகளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தச் சிறுமியின் தந்தை டாக்டர் ஜேம்ஸ் நார்காம். ஹாரியட் பருவ வயதை எட்டியதிலிருந்து நார்காம் அவரை விடாமல் தொல்லைப்படுத்தினார்.

அந்தப் பிடியிலிருந்து விலக ஹாரியட், சாமுவேல் ட்ரெட்வெல் சாயர் என்ற வெள்ளை வழக்கறிஞரின் உறவை ஏற்றார். ஜோசப், லூயிசா மடில்டா என்று இரு பிள்ளைகள் பிறந்தார்கள். சாயர் பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர். ஆனால் அவர் பெற்ற பிள்ளைகள் சட்டப்படி நார்காம் வீட்டு உடைமை.

1835இல் நார்காம், தன் சொல்லுக்கு இணங்காத ஹாரியட்டைத் தோட்டத்துக்கு அனுப்பினார். பிள்ளைகளையும் அங்கே கொண்டுவந்து வேலைக்குப் பழக்கப்போகிறார்கள் என்று ஹாரியட்டுக்குத் தெரிய வந்தது. அப்போது அவர் போட்ட கணக்கு நம் கவனத்துக்கு உரியது. தான் இருக்கும்வரை பிள்ளைகள் நார்காம் கையில் பிணை. அவர்களை விற்க மாட்டார். தான் காணாமல் போய்விட்டால் அந்தப் பிணைக்கு மதிப்பில்லை. பராமரிப்பதும் தொல்லை. விற்றுவிடுவார். விற்றால் தந்தை வாங்கிக்கொள்ளலாம்.

ஹாரியட் ஓடினார். நூறு டாலர் பரிசு அறிவித்து நார்காம் விளம்பரம் கொடுத்தார். சரளமாகப் பேசுவாள், தையல் தெரிந்தவள் என்றெல்லாம் அதில் அடையாளம் சொல்லியிருந்தார். கூடவே, தெரிந்த காரணமோ தூண்டுதலோ எதுவுமின்றி ஓடிப்போனாள் என்றும் எழுதியிருந்தார். பல ஆண்டு அத்துமீறலை ஒரு வரியில் மறைத்த விளம்பரம் அது.

கணக்கு பலித்தது. நார்காம் பிள்ளைகளை ஓர் அடிமை வியாபாரிக்கு விற்க, அந்த வியாபாரி சாயருக்காக வாங்கியிருந்தான். பிள்ளைகள் கொள்ளுப்பாட்டி மாலி ஹார்னிப்ளோவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். 1828இல் விடுதலை பெற்று, ரொட்டியும் பலகாரமும் சுட்டு விற்றுப் பிழைத்த பாட்டி அவர். அதே வீட்டை ஒட்டிய கொட்டகைக் கூரைக்கடியில் ஒரு பரண். 9 அடி நீளம், 7 அடி அகலம், மிக உயர்ந்த இடத்தில் 3 அடி. ஹாரியட் அதற்குள் ஏறினார். ஏறத்தாழ ஏழு ஆண்டு அங்கே இருந்தார்.

நிமிர்ந்து உட்கார முடியாத இடம். புரண்டு படுத்தால் கூரை இடிக்கும். எலிகள் மேலே ஓடும். கோடையில் கூரைப் பலகையின் பிசின் உருகித் தலையில் சொட்டும். குளிர்காலத்தில் கால்கள் மரத்துப்போகும். மரத்தில் துளைபோடும் சிறு கருவியொன்று கையில் அகப்பட, தெருப்பக்கப் பலகையில் வரிசையாகத் துளைகள் இட்டு ஒரு சிறு கண் திறந்துகொண்டார். அதன் வழியாகத்தான் தன் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு அவர்களுக்கு உடையும் விளையாட்டுப் பொருளும் பரணில் இருந்தபடியே தைத்தார். கொடுத்தது அம்மா என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அதே துளையின் வெளிச்சத்தில் அவர் செய்த இன்னொரு காரியம், கடிதம். நியூயார்க்கிலிருந்து எழுதியதுபோல நார்காமுக்கும் பாட்டிக்கும் கடிதம் எழுதி, அங்கே போய் அஞ்சலில் சேர்க்க ஆள் பிடித்தார். நார்காம் வடக்கே கண்ணை வைத்துக்கொண்டு இருந்தார். அவர் தேடிய பெண்ணோ அதே ஊரில் இருந்தார்.

பாடநூல்கள் இதைத் தாய்ப்பாசம், தியாகம் என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகின்றன. அது ஹாரியட்டுக்குச் செய்யும் நியாயமாகத் தெரியவில்லை. பிள்ளையின் சட்ட உரிமையாளர் யார் என்பதை மாற்றுவதற்காகத் தன் உடலை அந்த வழக்கிலிருந்து அகற்றிய பெண் அவர். எங்கும் ஓடாமல், இருந்த இடத்திலேயே தப்பித்தவர்.

3. சிறைக்கூடம்

இப்போது மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம். அங்கே பாலி என்ற சலவைத் தொழிலாளிக்கு நான்சி, லூசி என்று இரண்டு பெண்கள். பாலியை நீதிமன்ற ஏடுகள் பாலி வாஷ் என்கின்றன. மகள் லூசி டெலேனி 1891இல் வெளியிட்ட நினைவு நூலில் பாலி பெர்ரி. கணவரைத் தெற்கே விற்றுவிட்டார்கள். அதன் பிறகு மகள்களைத் தப்புவிப்பதே பாலிக்கு வாழ்க்கை ஆயிற்று.

முதலில் நான்சி. எசமானியின் தேனிலவுப் பயணத்தில் பணிப்பெண்ணாக நயாகரா அருவிக்குப் போக நேர்ந்தது. போகும் முன்பே தாய் சொல்லியிருந்தார்: வாய்ப்புக் கிடைத்தால் எல்லை தாண்டிவிடு, திரும்பி வராதே. நான்சி ஆற்றைக் கடந்து கனடாவில் கால் வைத்தார். செய்தி வந்தபோது பாலி எசமானியின் முன் கோபப்பட்டதுபோல நடித்தார். தனியாக இருந்தபோது கை தட்டி ஆடினார், பாடினார். அருகில் நின்று பார்த்த சிறுமி லூசி, அறுபது வயதில் அதை எழுதினார். பெற்ற மகளை இனி எப்போது பார்ப்போம் என்று தெரியாத பிரிவுக்கு ஒரு தாய் ஆடிய ஆட்டம் அது.

பிறகு பாலியை வேறொருவருக்கு விற்றார்கள். அவர் தப்பிச் சிகாகோவரை போனார். பின்தொடர்ந்தவர்கள் வந்துவிட்டார்கள்; தன்மேல் உள்ள ஆத்திரத்தை லூசிமேல் தீர்த்துக்கொள்வார்களே என்ற அச்சமும் அவரை அரித்தது. செயின்ட் லூயிஸுக்குத் திரும்பினார். ஆனால் வந்தவர் வெறும் கையோடு வரவில்லை. 1839இல் நீதிமன்றத்தில் விடுதலை வழக்குப் போட்டார்.

இந்த வழக்குகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அடிமை முறை தடைசெய்யப்பட்ட மண்ணில் எசமானனின் விருப்பத்தோடு வாழ்ந்த ஒருவர் சுதந்திரமானவர், அவர் மிசூரிக்குத் திரும்பினாலும் அந்தச் சுதந்திரம் போகாது என்பது அன்று அந்த மாநில நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை. அப்படிப்பட்ட 300க்கும் மேற்பட்ட வழக்குக் கட்டுகள் செயின்ட் லூயிஸ் நீதிமன்ற ஆவணங்களில் கிடைத்திருக்கின்றன. பாலியைச் சிறுவயதில் ஓர் எசமானன் இல்லினாய்ஸுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தான். அதுவே அவர் வழக்கின் ஆதாரம். 1843இல் நடுவர் குழு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பாலியின் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது லூசிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். துணி வெளுக்கத் தெரியாததற்குத் திட்டும் அடியும் வந்தன. எதிர்த்துப் பேசியதும் விற்றுவிடுவோம் என்றார்கள். சிறுமி நேரே தாயிடம் ஓடினாள். பாலி 1842 செப்டம்பரில், தன் தீர்ப்பு வருவதற்கு முன்பே, மகள் சார்பில் தனி வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியும்வரை யாரும் லூசியை வெளியூருக்குக் கடத்திவிடாமல் இருக்க நீதிமன்றம் அவரைச் சிறையில் வைத்தது. குற்றம் எதுவும் செய்யாத சிறுமி 17 மாதம் அங்கே இருந்தாள். அந்த ஈரமும் நாற்றமும் அரை நூற்றாண்டு கழிந்தும் அவர் எழுத்தில் தங்கியிருக்கின்றன.

1844 பிப்ரவரியில் விசாரணை. லூசிக்காக வாதாடியவர் எட்வர்ட் பேட்ஸ், பின்னாளில் லிங்கன் அமைச்சரவையில் அட்டர்னி ஜெனரல். வாதம் எளியது. பாலி சட்டப்படி சுதந்திரமானவர் என்று தீர்ப்பாகிவிட்டது. இல்லினாய்ஸில் இருந்த நாள் முதல் அவர் சுதந்திரமானவர். லூசி அதற்குப் பிறகு பிறந்தவர். பிள்ளை தாயின் நிலையைப் பெறும். எந்த விதி பாலியின் மகளை அடிமையாக்கியதோ அதே விதியைக் கையில் எடுத்து அவரை விடுவிக்கக் கேட்டார்கள்.

அதற்கு ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது: லூசி, பாலி பெற்ற மகள் என்பதை. பாலியின் முன்னாள் எசமானரும் மிசூரி உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவருமான ராபர்ட் வாஷ், லூசியைக் குழந்தையிலிருந்தே தெரியும், பாலியின் மகள்தான் என்று சாட்சி சொன்னார். அடிமைச் சந்தையில் தாயையும் மகளையும் பிரித்து விற்கும்போது யாரும் கேட்காத கேள்விக்கு, நீதிமன்றத்தில் சாட்சியோடு விடை சொல்ல வேண்டியிருந்தது. லூசி வென்றார். பாலி பின்னர் டொராண்டோவுக்குப் போய் நான்சியையும் பார்த்துவந்தார்.

4. உறைந்த ஆறு

எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக முடிந்த தாய் அரிது. சோஜர்னர் ட்ரூத் 1826இல் நியூயார்க் மாநிலத்தில் எசமானன் வீட்டைவிட்டு நடந்தபோது கையில் இருந்தது கைக்குழந்தை சோபியா மட்டும்; மற்றப் பிள்ளைகள் பின்னால் இருந்தார்கள். அடைக்கலம் கொடுத்த குடும்பத்தார் எசமானனுக்கு அவருக்காக 20 டாலரும் குழந்தைக்காக 5 டாலரும் கொடுத்துத் தீர்த்தார்கள்.

மார்கரெட் கார்னர் எல்லாரையும் கூட்டிக்கொண்டுதான் புறப்பட்டார். 1856 ஜனவரி இறுதியில் கென்டக்கியிலிருந்து கணவர், கணவரின் பெற்றோர், நான்கு பிள்ளைகளோடு உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றின் மேல் நடந்து சின்சினாட்டி சேர்ந்தார். உறவினர் வீட்டில் நுழைந்த சில மணி நேரத்தில் எசமானரும் மார்ஷல்களும் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். திரும்பவும் பிள்ளைகளைக் கொண்டுபோக விடமாட்டேன் என்று மார்கரெட் கத்தியை எடுத்தார். இரண்டு வயது மகள் மேரி இறந்தாள். மற்றப் பிள்ளைகளையும் கொல்ல முயன்றபோது பிடித்துக்கொண்டார்கள்.

டோனி மாரிசன் தம் 'பிலவட்' நாவலுக்கு இந்த நிகழ்விலிருந்து உந்துதல் பெற்றார் என்பது பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது நீதிமன்றத்தில் நடந்தது. மார்கரெட்டின் வழக்கறிஞர் ஜான் ஜோலிஃப் முன்வைத்த வாதம் நமக்கு ஏற்கெனவே பழக்கமானது. மார்கரெட் சிறுமியாக இருந்தபோது எசமானர் குடும்பமே அவரைச் சின்சினாட்டிக்குக் கூட்டி வந்திருக்கிறது. ஒஹையோ சுதந்திர மண். எனவே அன்றே அவர் சுதந்திரம் பெற்றுவிட்டார். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் தாயின் நிலைப்படி சுதந்திரமானவர்கள். செயின்ட் லூயிஸில் லூசியை விடுவித்த அதே வாதம், பன்னிரண்டு ஆண்டு கழித்து, வேறொரு தாய்க்கு.

இம்முறை அது தோற்றது. இடையில் 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்திருந்தது. மிசூரி உச்ச நீதிமன்றமே 1852இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தன் பழைய கொள்கையைக் கைவிட்டிருந்தது. மார்கரெட் கென்டக்கிக்குத் திரும்பிப் போனதால் பழைய உரிமை எதுவும் செல்லாது என்று ஆணையர் ஜான் பெண்டரி முடிவுசெய்தார். ஒஹையோ அவரைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும் என்று அடிமை ஒழிப்பாளர்கள் போராடினார்கள். கொலை வழக்கில் நின்றால் அவர் மனுஷி, அந்தக் குழந்தையும் மனுஷி. அதுவும் நடக்கவில்லை. உடைமையாகவே திருப்பி அனுப்பினார்கள். தெற்கே கொண்டுபோன கப்பல் விபத்துக்குள்ளாகிக் கைக்குழந்தையும் மூழ்கியது. 1858இல் மிசிசிப்பியில் மார்கரெட் டைஃபாய்டு கண்டு இறந்தார்.

அவர் செய்ததைச் சரி என்றும் தவறு என்றும் தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்த மேடைக்கு இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். சட்ட வழி அடைபட்ட இடத்தில்தான் கத்தி வந்தது. பாலிக்கு இருந்த நீதிமன்றம் மார்கரெட்டுக்கு இருந்திருந்தால், மேரியும் லூசியைப்போல அறுபது வயதில் உட்கார்ந்து நினைவு நூல் எழுதியிருக்கக்கூடும்.

5. மகள்

இதுவரை தாயைப் பற்றியே பேசினோம். தப்பித்தலில் மகளுக்கும் ஒரு வேலை இருந்தது. அதற்கு மறுபடியும் ஈடன்டன் போக வேண்டும்.

சாயர் சில ஆண்டுகள் கழித்து லூயிசாவை வடக்கே அனுப்ப ஏற்பாடு செய்தார். சிறுமி போவதற்கு முந்திய இரவு, ஹாரியட் உயிரைப் பணயம் வைத்துப் பரணிலிருந்து இறங்கி வந்தார். மகளுக்குத் தாயின் முகம் நினைவில் இல்லை. நான்தான் உன் அம்மா என்று சொல்லி, இரவெல்லாம் அணைத்துக்கொண்டு கிடந்தார். இதை யாரிடமும், பாட்டியிடம்கூட, பேசக்கூடாது. தெரிந்தால் பாட்டிக்கு ஆபத்து என்று சொல்லிவைத்தார். லூயிசா சொல்லவே இல்லை. ப்ரூக்ளினில் அந்நியர் வீட்டில் வளர்ந்த காலம் முழுக்க வாய் திறக்கவில்லை. மகன் ஜோசப்பும் பரணிலிருந்து இருமல் கேட்டு என்றோ ஊகித்து, மற்றப் பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடப் போகாமல் பார்த்துக்கொண்டான் என்பது ஹாரியட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏழு ஆண்டு அந்தப் பரணைக் காத்தவர்களில் இரண்டு குழந்தைகளும் உண்டு.

1842இல் ஹாரியட் கப்பலேறிப் பிலடெல்பியா வழியாக நியூயார்க் சேர்ந்து மகளைத் தேடினார். பள்ளிக்கு அனுப்புவோம் என்று அழைத்துப்போனவர்கள் அனுப்பவில்லை. ஒன்பது வயது லூயிசா வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். ஹாரியட் செவிலித்தாயாக வேலை பார்த்துச் சேமித்து, பின்னாளில் அவளைப் பள்ளியில் சேர்த்தார். மகள் பள்ளிக்குப் போவதற்குமுன், தந்தை யார் என்பதைச் சொல்லத் தயங்கித் தயங்கித் தொடங்கினார். மகள் தடுத்தாள். அது தனக்கு முன்பே தெரியும், அதனால் அம்மாமேல் உள்ள அன்பு குறையவில்லை என்றாள். பின்னாளில் தன் வாழ்க்கையை நூலாக எழுதலாமா என்று தவிக்கப்போகும் ஒரு பெண்ணுக்கு, முதல் வாசகியின் தீர்ப்பு அங்கே கிடைத்துவிட்டது.

ஹாரியட்டின் சட்டபூர்வ விடுதலை 1852இல் வந்தது. அவர் வேலை பார்த்த வீட்டு அம்மையார் 300 டாலர் கொடுத்து வாங்கி விடுவித்தார். நூல் 1861இல் 'லிண்டா பிரென்ட்' என்ற புனைபெயரில் வெளியானது. கைப்பிரதியைப் படியெடுக்க உதவியவர் லூயிசா. பின்னர் நீண்ட காலம் அதைப் பலர் கற்பனைக் கதை என்றே நம்பினார்கள். ஹாரியட்டின் கடிதங்களை வைத்து ஜீன் ஃபேகன் யெலின் 1981இல் எழுதிய கட்டுரைதான் ஆசிரியர் அவரே, நிகழ்ச்சிகள் நடந்தவையே என்று நிறுவியது.

1864 ஜனவரியில், உள்நாட்டுப் போர் இன்னும் முடியாதபோதே, தாயும் மகளும் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். பள்ளியை நடத்துவது வெள்ளை ஆசிரியர்களா, கறுப்பின ஆசிரியர்களா என்ற தகராறு எழுந்தபோது, விடுதலை பெற்ற மக்களின் பிரதிநிதிகள் கூடி வாக்களித்துப் பொறுப்பைக் கறுப்பின ஆசிரியைகளிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒருவர் லூயிசா. 1662இல் தாயின் நிலை பிள்ளைக்கு என்று விதித்த அதே வர்ஜீனியாவில், தாய்க்குப் பக்கத்தில் நின்று அவர் பாடம் நடத்தினார்.

மூன்று ஆண்டு கழித்து, 1867இல், லூயிசா நியூயார்க் மாநிலத்தின் ஊர்களில் சமவுரிமைச் சங்கத்தின் பேச்சாளராகச் சுற்றினார். மாநிலத்தின் புதிய அரசியலமைப்பு, நிறத்தையும் பாலினத்தையும் பார்க்காமல் எல்லாருக்கும் வாக்குரிமை தர வேண்டும் என்பது கோரிக்கை. அம்மா புனைபெயரில் எழுதியவர். மகள் தன் சொந்தப் பெயரில், கூட்டத்தின் முன் எழுந்து நின்று பேசினார்.